ஸ்பீக்கர் மாற்றப்போய் ஆம்ப்ளிஃபயர் எரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: என்னிடம் 2005 மாடல் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கர்கள் கரகரத்ததால் மதுரையில் ஒரு கார் ஆடியோ கடையில் புதிது மாற்றினேன். கூலியோடு சேர்த்து 14,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், வண்டியோடு வந்த ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது. இப்போது முன்பக்கமும் பாடவில்லை. கேட்டால், “அண்ணே, வண்டி பழசு, ஆம்ப்ளிஃபயருக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு” என்கிறார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் தரவில்லை. வழக்குப் போட மதுரைக்கு அலைய வேண்டுமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 34ஆவது பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஆகவே புகாருக்கு அவசரமில்லை. அவசரம் வேறு ஒன்றில் இருக்கிறது. வண்டியை இப்போது எந்த மெக்கானிக்கிடமும் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள். இருபது வருட ஆம்ப்ளிஃபயர் தானாகவும் போகும் என்பதால், கடைக்காரரின் வாதம் ஆணையத்தில் எடுபடக்கூடியதுதான். பொருத்தியதில் தவறு நடந்தது, அந்தத் தவறால்தான் எரிந்தது என்ற இரண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்கான சாட்சி ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள வயரில் இருக்கிறது. வேறு ஒருவர் கை வைத்தால் அது போய்விடும்.

முதலில் ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. ஸ்பீக்கரைக் கழற்றி இணைப்பைப் பிரித்த பிறகு மல்டிமீட்டரில் பார்த்தால், 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்குச் சற்றுக் கீழே காட்டும். 4 ஓமுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் 2 ஓம் மாட்டினால் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூடேறி உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போகும். நேர்மாறாக, 2 ஓமுக்கு வந்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் மாட்டியிருந்தால் சத்தம் குறையுமே தவிர எரியாது. அப்படி இருந்தால் இந்த வழியில் உங்கள் வழக்கு நிற்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, நான் அதிகம் சந்தேகிப்பது: மைனஸ் வயர் பாடியைத் தொடுவது. பெரும்பாலான கார் ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது. மைனஸ் என்பதற்காக அதை எர்த்தில் சேர்க்கக் கூடாது. கம்பெனி சாக்கெட்டை வெட்டிவிட்டு வெறும் டேப் சுற்றினால், பின்கண்ணாடிக்குக் கீழே அடிக்கிற நம்மூர் வெயிலில் டேப்பின் பசை இளகி வயர் வெளியே வந்துவிடும். பெரிய காந்தமுள்ள ஸ்பீக்கரைத் திணித்து ஸ்க்ரூ முடுக்கும்போது வயர் நசுங்குவதும் உண்டு. ஸ்பீக்கர் முனை, ஆம்ப்ளிஃபயர் முனை இரண்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். தொடர்பு காட்டினால் தவறு கையில் சிக்கிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் முனையைக் கழற்றாமல் பார்த்தால் எரிந்த ஐசியே ஷார்ட் காட்டி ஏமாற்றும்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பேஸ் குறையும். அதனால் ஆம்ப்ளிஃபயர் எரியாது. ஆனாலும் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, இரு கோன்களும் ஒரே பக்கம் அசைகின்றனவா என்று குறித்துவையுங்கள். வேலையின் லட்சணத்தைக் காட்ட உதவும்.

இந்தச் சோதனையை நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். ‘இன்ன தேதி, இன்ன இடத்தில் சோதிக்கிறோம், விரும்பினால் ஆள் அனுப்பலாம்’ என்று கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். அவர் வராவிட்டாலும், பின்னால் ‘எனக்குத் தெரியாமல் கழற்றிவிட்டார்கள்’ என்று சொல்ல முடியாது. உங்கள் உறவினராகவோ வாடிக்கையான மெக்கானிக்காகவோ இல்லாத ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அமர்த்துங்கள். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். சீட்டோரம் மஞ்சள் பிளக் இருந்தால் அது ஏர்பேக்குடையது, தொடக் கூடாது. கழற்றுவதற்கு முன்பே வீடியோ எடுங்கள். அளவுகளை அவர் கையெழுத்திட்டு எழுதித் தரட்டும். பிறகு அதையே பிரமாணப் பத்திரமாக்கலாம். எரிந்த ஆம்ப்ளிஃபயரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித்தர மறுப்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே அந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய ஸ்பீக்கர்கள் உங்கள் சொத்து. வேலை முடிந்ததும் நீங்கள் கேட்காமலே தந்திருக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 160ஆவது பிரிவு. ஓரத்து ஸ்பாஞ்ச் பொடிந்து போயிருந்தாலும் காந்தத்தின் பின்புறம் ஓம் எண் அச்சிட்டிருக்கலாம். அதுதான் உங்கள் முக்கிய ஆவணம். நோட்டீஸில் 15 நாள் கெடு வைத்து அவற்றைக் கேளுங்கள். தர மறுத்தால் அதையே அவருக்கு எதிராக வாதிடலாம்.

ஜிபே ரசீதோடு வங்கிக் கணக்கு விவரத்தையும் வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சுக்குப் பாரதிய சாட்சிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். கேட்கும் தொகை: கொடுத்த 14,500, அதே வகை ஆம்ப்ளிஃபயருக்கான மதிப்பீடு, வழக்குச் செலவு, நியாயமான ஓர் இழப்பீடு. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதினால் மற்ற கணக்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். இந்தக் காரைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவராக இருந்தால், ‘வணிக நோக்கம், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே ஆட்சேபிக்கும். அப்படியானால் தாக்கல் செய்வதற்கு முன் வழக்கறிஞரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.