பல்கலைக்கழகப் பண்ணையில் வேலை செய்ய விடுவார்களா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வேளாண்மை படிக்க வேண்டும் என்று ஆசை. ஏற்காட்டிலோ சேலம் சுற்றுவட்டாரத்திலோ உள்ள பல்கலைக்கழகப் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய முடியுமா? யாரைக் கேட்பது? சும்மா போய்ப் பார்க்கவாவது விடுவார்களா?
ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பார்க்க விடுவார்கள். வேலை செய்ய விடுவது, நீங்கள் எந்த வேலையைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிடுங்கள். அன்றைக்குப் பெரும்பாலும் கேட்டில் காவலாளிதான் இருப்பார். உங்களை உள்ளே விடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, விட்டாலும் எதையும் விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது. மகளின் பள்ளி விடுமுறையில் வரும் வேலை நாட்களைப் பிடியுங்கள்.

பண்ணைக்கு நம் மாவட்டத்தில் குறையே இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. ஆத்தூர் வழியில் ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம், சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் பொட்டனேரியில். ஆட்டுப் பண்ணைக்குப் போவதானால், வீட்டு ஆடு மாட்டைத் தொட்ட துணியோடும் செருப்போடும் போகாதீர்கள். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் அப்படித்தான் ஊர் மாறும்.

அரசுப் பண்ணை இலவசமாக வரும் ஆளைச் சேர்க்க ஏன் தயங்குகிறது என்று தோன்றும். நான் பல வருடம் பண்ணை மேலாளராக இருந்தவன், எங்கள் கஷ்டத்தைச் சொல்கிறேன். ஒருமுறை ஆமணக்கு வயலில் களையெடுக்க இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை விட்டோம். நல்ல பிள்ளைகள், வெயிலைப் பார்க்காமல் உழைத்தார்கள். மதியம் போய்ப் பார்த்தால் வரப்போரம் காக்கிக் காகித உறைகள் ஒரு குவியலாக, அழகாக அடுக்கி வைத்திருக்கிறது. "காத்துல பறந்து வந்து செடியில மாட்டியிருந்துச்சு சார், எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றார்கள். கிளிப் போட்டு மாட்டியிருந்த உறை! ஆமணக்குக் குலையில் மேலே பெண் பூ, கீழே ஆண் பூ. மகரந்தம் காற்றில் போகும். பக்கத்துச் செடியின் மகரந்தம் ஏறாமல் ரகம் சுத்தமாக இருக்கத்தான் பூ விரிவதற்கு முன்பே குலைக்கு உறை போடுகிறோம். எடுத்த உறையைத் திரும்ப மாட்டிப் பிரயோஜனமில்லை. அந்தப் பருவத்து விதை போனது போனதுதான். பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு.

அதனால் சோதனை வயலில் வேலை கேட்காதீர்கள். எண் பலகை, நாடா, உறை எது கண்ணில் பட்டாலும், அங்கே பார்ப்பதோடு சரி. நாற்றங்காலில் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியாட்கள் கையால் கெட்டுப்போகாத வேலை அங்கேதான் அதிகம். கற்றுக்கொள்ளவும் அதுவே நல்ல இடம் என்பது என் எண்ணம்.

நாற்றுப் பையில் மண் நிரப்புவதையே எடுத்துக்கொள்வோம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில்தான் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பியதும் பையைத் தரையில் இரண்டு தட்டு, நிறைந்ததும் இரண்டு தட்டு. தட்டாமல் விட்டால் முதல் தண்ணீரிலேயே மண் கீழே இறங்கிவிடும். தண்ணீர் நிற்க மேலே ஒரு விரல் அகலம் விட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் அக்காமார் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஐந்து பை முடிப்பதற்குள் நீங்கள் ஒன்று முடித்தால் பெரிய விஷயம்.

பிப்ரவரி, மார்ச்சில் ஏற்காடு போனால் மிளகுக் கொடி நாற்று வேலை பார்க்கக் கிடைக்கலாம். கொடியின் அடியில் தரையோடு ஓடும் ஓடுகொடியை இரண்டு மூன்று கணுவாக வெட்டி, இலையை நறுக்கிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி நிழலில் வைப்பார்கள். காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வைத்தால் என்ன ஆகும் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் வேர் பிடிக்கும், ஆனால் மரத்தில் ஏறாது. தொட்டியிலேயே புதர் மிளகாக நின்று காய்க்கும். காப்பிப் பழம் பறிப்பதைப் பார்க்க ஆசை இருந்தால் நவம்பருக்கு அப்புறம் போங்கள். காலைப் பனியில் தோட்டத்துக்குள் தனியாக நடக்க வேண்டாம், மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு.

ஏத்தாப்பூரில் மரவள்ளி பார்த்துவிட்டு "ஒரே ஒரு குச்சி" என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவும், நோயுள்ள கரணையாலும், அதாவது நடும் குச்சியாலும் பரவும். வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால், அதன் குஞ்சுகள் உங்கள் துணியில் ஒட்டிக்கொண்டு பண்ணைக்கும் போகும். ஆகவே துவைத்த துணி, கழுவிய செருப்பு. ஆமணக்கு விதையை விளையாட்டுக்குக்கூட வாயில் போடக் கூடாது, அது விஷம். மருந்து அடித்த வயல் எது என்று முதலில் கேட்டுவிட்டு உள்ளே இறங்குங்கள். மகள் சின்னப் பெண், மருந்து கலக்கும் இடத்துப் பக்கமே விடாதீர்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. பண்ணையில் வேலை செய்தேன் என்ற சான்றிதழ் அதில் சேராது. சான்றிதழுக்காகப் போவதாக இருந்தால் அந்த நேரத்தில் உயிரியலைப் படிக்கட்டும். இந்த வெயிலும் மண்ணும் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும்.

யாரைக் கேட்பது என்றால், ஆராய்ச்சி நிலையத்துக்கு 'பேராசிரியர் மற்றும் தலைவர்' என்றும், சந்தியூருக்கு 'தலைவர், வேளாண் அறிவியல் நிலையம்' என்றும் முகவரியிட்டுக் கடிதம் எழுதுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சந்தியூரில் ஆரம்பிப்பேன். பொதுமக்களுக்கும் உழவர்களுக்கும் பயிற்சி கொடுப்பதே அவர்கள் வேலை, ஒரு நாள் பயிற்சியில் முகம் பழகிவிட்டால் மற்றதைக் கேட்பது சுலபம். கடிதம் அரைப் பக்கம் போதும்: எத்தனை பேர், மகளின் வயது, எந்தத் தேதி, பார்க்க மட்டுமா, நாற்றங்காலில் உதவவா. பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கி இணைத்தால் இன்னும் நல்லது. கைப்பேசி எண்ணை எழுத மறந்துவிடாதீர்கள். அனுமதி கையெழுத்தான கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, இதை யாருக்குச் சொல்வது என்று நாங்கள் விழித்த நாட்கள் நிறைய.