200 மணி நேரம் எதற்கு?

அன்புள்ள அக்கா,

இசை கேட்கும் கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மேசையில் வைத்துக் கேட்கும் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் ஒன்றை அண்மையில் வாங்கினேன். இரண்டு சிறிய வால்வுகள் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்) கொண்டது. என்னிடம் இருப்பது 300 ஓம் ஹெட்போன். வீட்டுக்கு வந்து கேட்டதும் மனம் சோர்ந்துவிட்டது. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி உப்பிக் கேட்கிறது, பாடகரின் குரல் பின்னால் தள்ளிப்போய்விட்டது. கடையில் கேட்டால், “பர்ன்-இன் ஆக வேண்டும், 200 மணி நேரம் ஓடட்டும், பிறகு பாருங்கள்” என்கிறார்கள். செங்காங்கில் உள்ள என் நண்பரிடம் இதே கருவி ஓராண்டாக இருக்கிறது. அவர் தட்டையான சவ்வு கொண்ட பிளேனர் வகை ஹெட்போனில் கேட்கிறார், அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை. அப்படியானால் கடைக்காரர் சொல்வது சரிதானா? வேலைக்குப் போகும்போதும் ஓடவிட்டுப் போகலாமா? மாற்றிக்கொள்ளக் கடை கொடுத்திருக்கும் தவணை 7 நாள். இன்று நான்காம் நாள்.

இளங்கோவன், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள இளங்கோவன்,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இடைவிடாமல் ஓடினால் 200 மணி நேரம் என்பது 8 நாளும் 8 மணி நேரமும். வேலை முடிந்து வந்து இரவில் 2 மணி நேரம் கேட்பவருக்கு 100 நாள். உங்கள் தவணையோ 7 நாள். கடைக்காரர் சூழ்ச்சி செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் நட்டப்படப்போவது நீங்கள் மட்டும்தான். பணத்தைச் சேமித்து ஆசையாக ஒரு பொருளை வாங்கியவரிடம் “உங்கள் காதை இப்போது நம்பாதீர்கள்” என்று சொல்வது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

பர்ன்-இன் என்ற வேலை தொழிற்சாலையில் உண்மையாகவே உண்டு. புதிதாகச் செய்த கருவிகளில் பழுதானவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே செத்துவிடும். அவற்றைப் பிடித்து ஒதுக்குவதற்காக வெப்பத்தில் சில மணி நேரம் ஓடவிடுவார்கள். அது பழுது பிடிக்கும் வேலை. ஒலியை இனிமையாக்கும் வேலை அன்று.

அப்படியானால் ஆம்ப்ளிபயரில் எதுவுமே மாறாதா? மாறும், ஆனால் நிமிடக் கணக்கில். டிரான்சிஸ்டர்கள் சூடேறி நிலைகொள்ள அரை மணி நேரம் போதும். நீண்ட நாள் கிடங்கில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் சற்றுத் தளர்ந்திருக்கும். மின்னழுத்தம் கிடைத்ததும் அது மீண்டும் கெட்டிப்படும். அதற்கும் 200 மணி நேரம் தேவையில்லை. வால்வுகள் மட்டும் கொஞ்சம் வேறு. புது வால்வில் மின்னோட்டம் முதல் சில பத்து மணி நேரத்துக்குச் சிறிது நகரும். ஆனால் அந்த நகர்வு தொப்பியை உப்பச் செய்து பிறகு தானாகவே இளைக்க வைக்காது.

எட்டாம் நாள் பலருக்கு ஒலி நன்றாகிவிட்டதாகத் தோன்றுவது பொய்யில்லை. காது புது ஒலிக்குப் பழகிக்கொள்கிறது. ஒலியின் நுண்மையை நாம் நினைவில் வைத்திருப்பது சில நொடிகளுக்குத்தான். முதல் நாள் கேட்டதையும் எட்டாம் நாள் கேட்டதையும் ஒப்பிட எந்தக் காதாலும் முடியாது. இதோடு ஒலியளவும் சேர்ந்துகொள்கிறது. மிகச் சிறிய அளவு உரத்துக் கேட்டாலும் அதை உரப்பு என்று நாம் உணர்வதில்லை, தெளிவு என்றே உணர்கிறோம். குமிழைச் சற்றுக் கூட்டி வைத்துவிட்டால் கருவி தேறிவிட்டதாக நெஞ்சார நம்பிவிடுவோம்.

இனி உங்கள் கடிதத்தில் உள்ள துப்புக்கு வருகிறேன். நண்பரும் நீங்களும் ஒரே கருவியில் கேட்கிறீர்கள், ஹெட்போன் மட்டும் வேறு. நான் சந்தேகப்படுவது ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பீடன்ஸை, அதாவது கருவி தன் வாசலிலேயே வைத்திருக்கும் மின்தடையை. வெளியீட்டில் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிபயர்களில் இது 100 ஓமைத் தாண்டுவது சாதாரணம். உங்களுடையது 120 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் என்று அட்டைப்பெட்டியில் போட்ட ஹெட்போன் எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓமாக இருப்பதில்லை. சுருளும் சவ்வும் கொண்ட பல திறந்த வகை ஹெட்போன்கள் 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமைத் தொட்டுவிடும். நடு அதிர்வெண்ணில், 300-க்கு 420 (300-உம் 120-உம் சேர்ந்தது) என்ற விகிதத்தில்தான் மின்னழுத்தம் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். 100 ஹெர்ட்ஸில் அது 500-க்கு 620. இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபெல். எண்ணாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் தாழ்ந்த ஒலிகளின் ஒரு பட்டை முழுவதும் ஒரேயடியாக 1 டெசிபெல் தூக்கி நிற்கும்போது, தொப்பியில் விழும் கும்கி தடித்துவிடும், குரல் ஒரு அடி பின்னால் போகும். நீங்கள் எழுதியிருப்பதும் அதைத்தான்! பிளேனர் ஹெட்போனின் இம்பீடன்ஸ் கேட்கும் எல்லை முழுவதும் ஏறக்குறைய ஒரே சமமாக இருப்பதால், அதே ஆம்ப்ளிபயரில் அதன் குணம் மாறுவதில்லை. ஓராண்டு ஓடியதற்கும் அதன் இனிமைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

இதை ஊகமாக விட்டுவிடாதீர்கள், அளந்து பாருங்கள். ஜாலான் புசார் சிம் லிம் டவரில் 33 ஓம் ரெசிஸ்டர் சில காசுகளுக்குக் கிடைக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் தேவை. கணினியில் 100 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, ஆம்ப்ளிபயரின் வெளியீட்டில் எதையும் இணைக்காமல் மாற்றுமின்னழுத்தம் 0.5 வோல்ட் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். பிறகு ரெசிஸ்டரைக் குறுக்கே இணைத்து மறுபடி அளவிடுங்கள். 0.485 வோல்ட்டுக்கு இறங்கினால் இம்பீடன்ஸ் சுமார் 1 ஓம், என் சந்தேகம் தவறு. 0.11 வோல்ட்டை ஒட்டி விழுந்துவிட்டால் அது 120 ஓமை நெருங்கியது. முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்குவதுதான் கணக்கு. கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் கவனமாகச் செய்யுங்கள். மனமில்லையென்றால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பாருங்கள், பலர் வெளியிடுகிறார்கள். ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். உங்களுக்கு அது 37 ஓம் வரை.

செங்காங் நண்பரின் கருவி உங்களுக்குக் கிடைத்த வரம். பர்ன்-இன் பற்றி வாதாடுகிற பெரும்பாலோரிடம் ஓடிய கருவியும் புதுக் கருவியும் ஒருசேர இருப்பதில்லை. வரும் சனிக்கிழமை தவணைக்குள் வருமானால் அன்றே உங்கள் கருவியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து ஒலியைக் கொடுங்கள். ஹெட்போன் செருகியிருக்கும்போதே மல்டிமீட்டரால் இரண்டின் வெளியீட்டையும் 1 விழுக்காட்டுக்குள் சமமாக்குங்கள். இது மிக முக்கியம், காதால் சமமாக்க முடியாது. பிறகு நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ள, அவர் செருகியை மாற்றி மாற்றிப் போடட்டும். எது எது என்று அவர் சொல்லக்கூடாது. தனி ஆவர்த்தனத்தில் தொப்பி தனித்து வரும் இடத்தையும், ஆலாபனை தொடங்கும் முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தையும் கேளுங்கள். முன்னது தாழ்ந்த ஒலியைக் காட்டிக்கொடுக்கும், பின்னது பின்னணி இரைச்சலை. உங்கள் ஹெட்போனில் இரண்டு கருவியும் ஒரே மாதிரி உப்பிக் கேட்டால், ஓராண்டு ஓடியும் அது மாறவில்லை என்பது உறுதி.

ஹெட்போன் நாள்படக் கொஞ்சம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதுமெத்தை அமுங்கும், காதுக்கும் சவ்வுக்கும் உள்ள இடைவெளி குறையும், ஒலி அளவிடத்தக்க அளவுக்கு மாறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தையின் தோலும் பஞ்சும் விரைவில் கெடுகின்றன. “ஓட ஓட மாறியது” என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் கேட்டது இந்த மெத்தையைத்தான் என்று நினைக்கிறேன்.

யாரும் வீட்டில் இல்லாதபோது வால்வு ஆம்ப்ளிபயரை ஓடவிடாதீர்கள். தொட்டால் விரல் சுடும் கண்ணாடி அது. அடுக்குமாடி வீட்டில் புத்தக அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் பகலெல்லாம் அதைத் தனியே விடும் ஆபத்துக்கு எந்த இசையும் ஈடாகாது. வால்வின் ஆயுளும் பல ஆயிரம் மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். யாரும் கேட்காத அறையில் அதை ஏன் கரைக்க வேண்டும்?

நல்ல ஒலிக்கு வெளிப்படையான அளவுகளே வழி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2011-இல் புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிபயரின் மின்சுற்றையும் அளவுகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவு. 200 மணி நேரம் காத்திருங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. உங்கள் ஹெட்போனுக்குப் பெரிய மின்திறனும் தேவையில்லை. 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தரும் 300 ஓம் ஹெட்போனில், 110 டெசிபெல் உச்சத்துக்கு 20 மில்லிவாட், சுமார் 2.5 வோல்ட் போதும். குறைந்த இம்பீடன்ஸ் கொண்ட எளிய டிரான்சிஸ்டர் கருவிகள் பல இதை அலட்டிக்கொள்ளாமல் தருகின்றன. அடெல்ஃபி கட்டடத்து ஒலிக்கருவிக் கடைகளுக்கு உங்கள் ஹெட்போனையே கொண்டுபோய்ச் செருகிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குத் துணைநிற்கும், ‘லெமன்’ சட்டம் என்று நாம் சொல்லும் விதிகள் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். ஆனால் அதிக இம்பீடன்ஸ் இந்தக் கருவியின் இயல்பு, பழுதில்லை. ஹெட்போனோடு பொருந்தவில்லை என்பதற்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி கடை கொடுத்த 7 நாள்தான். இன்று இரவே அளந்துவிடுங்கள். அளவு 37 ஓமுக்கு மேல் வந்தால் நண்பர் வீட்டுச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். ரசீதும் அட்டைப்பெட்டியுமாக நாளையே கடைக்குப் போங்கள். ஒலி இனிமையாக இல்லை என்று தொடங்காதீர்கள், பேச்சு மறுபடி 200 மணி நேரத்துக்கே போய்விடும். “என் ஹெட்போனுக்கு இந்தக் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஒத்துவரவில்லை, இம்பீடன்ஸ் குறைந்த வேறொன்றை மாற்றித் தாருங்கள்” என்று கேளுங்கள்.