படுக்காத இரவுகள் – கடிதம்

ஐயா,
பௌத்தத் துறவிகள் விரும்பினால் ஏற்கும் பதின்மூன்று துதாங்கங்களை, அதாவது எளிமை விரதங்களைப் பற்றிப் படித்தேன். மார்கழி முழுக்கப் படுக்காமல் உட்கார்ந்தே தூங்குவது, ஒருமுறை மட்டும் சாப்பிடுவது என இரண்டையும் எடுக்கலாமென்று இருக்கிறேன். குடும்பஸ்தன் செய்யலாமா?
க., கோத்தகிரி

அன்புள்ள க.,

சாப்பாட்டை மட்டும் எடுங்கள். இல்லறத்தாருக்கு, இவ்விரதங்களை விளக்கும் பழைய பாலி நூலான விசுத்திமார்க்கம் அனுமதிப்பது இரண்டைத்தான்: ஒரே இருக்கையில் உண்பது, ஒரே பாத்திரத்தில் உண்பது.

ஏகாசனிகத்தில், அதாவது ஒரே இருக்கையில் உண்ணும் விரதத்தில், எழுந்துவிட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது. கடுமையாக ஏற்பவர் சோற்றில் கைவைத்தபின் மேற்கொண்டு வாங்கமாட்டார். நடுத்தரக்காரர் பாத்திரத்தில் இருப்பது தீரும்வரை வாங்கலாம். தளர்வாக ஏற்கும் மூன்றாமவர் எழும்வரை சாப்பிடலாம். நீங்கள் அதில் தொடங்குங்கள். பாதியில் குரு வந்தால் எழுந்து பணிவிடை செய்யலாம், ஆனால் மீதியைத் தொடக்கூடாது என்றார் சூளாபய தேரர் என்ற பழங்கால மூத்த துறவி. ஆகவே செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் வாரம் பலரும் சறுக்குவது, இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் திணிப்பதில்தான். பிறகு தியானத்தில் தூக்கம் சொக்கும். மாலையில் பால் சேர்த்த டீயும் உணவுதான், பாலில்லாமல் குடிக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

நேசஜ்ஜிகம் எனும் படுக்காவிரதம் துறவிகளுக்கே கடினம். உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் முறியாது, படுத்தால் முறியும். இரவின் மூன்று யாமங்களில் ஒன்றில் எழுந்து நடக்கவேண்டும். இதை விட்டால் கால் மரத்துப் பாதம் வீங்கும். தாய்லாந்துக் காட்டு மடங்களில் பலர் பௌர்ணமி போன்ற உபோசத விரத நாளின் இரவில் மட்டும் இதைச் செய்கிறார்கள். ஆசை விடவில்லையென்றால் பௌர்ணமி இரவு ஒன்று போதும். மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. அந்த மயக்கத்தைத் தூக்கமென்றே நினைப்பீர்கள். கம்பளி போதும்.

ஐந்து விரதங்களைச் சங்கம் முழுவதற்கும் கட்டாயமாக்கச் சொன்னார், புத்தரை எதிர்த்துப் பிரிந்த சீடர் தேவதத்தன்; புத்தர் மறுத்துவிட்டார். ஆகவே தியானம் வளர்ந்தால் தொடருங்கள், தேய்ந்தால் அன்றே விடுங்கள்.

யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இலங்கையின் மிகிந்தலையில் அண்ணன் தம்பியாக இரு தேரர்கள். அண்ணன் படுக்காவிரதம் காப்பது யாருக்கும் தெரியாது. ஓரிரவு மின்னல் வெளிச்சத்தில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைத் தம்பி பார்த்து, "தாங்கள் நேசஜ்ஜிகரா (படுக்காவிரதம் காப்பவரா)?" என்று கேட்டார். அண்ணன் உடனே படுத்துக்கொண்டார். பிறகு விரதத்தைப் புதிதாக ஏற்றார்.