மரிக்கார் ராமதாஸ் வானொலியிலிருந்து சினிமாவுக்கு எப்படி வந்தார்?

தான் எழுதிய பாத்திரத்தையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கொழும்பு மேடைகளிலும் இலங்கை வானொலியிலும் சிரிக்க வைத்த எஸ். ராமதாஸ், 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலித் தொடரை எழுதி, அதில் முஸ்லிம் பாத்திரமான மரிக்காராகப் பேசினார். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

தொடரின் உயிரே பேச்சுவழக்குதான். ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத்துக்காரர். உபாலி செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் வெளுத்து வாங்குவார். ஐயராக அப்துல் ஹமீத். வானொலியில் முகம் தெரியாது, ஆளைக் குரல்தான் காட்டவேண்டும். கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் ஒரு கடைக்குள் நின்றால் காதில் விழுகிற அத்தனை தமிழும் அதில் இருந்தது. இந்தியப் பேச்சை நகலெடுக்காமல் நம்முடைய பேச்சிலேயே சிரிக்கலாம் என்று காட்டியதுதான், என்னைக் கேட்டால், ராமதாசின் பெரிய சாதனை.

தொடருக்குக் கிடைத்த வரவேற்பால் அது 1976 இல் 'கோமாளிகள்' என்று படமானது. இயக்கம் எஸ். ராமநாதன். கதை வசனம் ராமதாசே. மரிக்காராக நடித்ததும் அவரே. தென்னிந்தியப் படங்கள் தியேட்டர்களை நிறைத்திருந்த காலத்தில் நம் ஆட்கள் அதைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பிறகு 'ஏமாளிகள்' என்ற படம் வந்தது.