ரத்தத்தில் புற்றுநோய் டிஎன்ஏவைத் தேடும் சோதனையில் ‘இல்லை’ என்றால் புராஸ்டேட் பயாப்ஸியை (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதை) விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. அப்பாவின் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 6.8 என்கிறீர்கள். ரத்தத்தில் புற்றுநோய் டிஎன்ஏ தென்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, மருத்துவர் சொன்ன ஊசி பயாப்ஸியை ரத்து செய்ய வேண்டாம்.

புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டி, ரத்தத்தில் மிகக் குறைவான டிஎன்ஏவையே கசியவிடும். பல நேரம் கருவிக்கே எட்டாது. அந்தச் சோதனை பெரும்பாலும் பரவிய நோய்க்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவுகிறது. விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை!

சிறுநீரில் பிசிஏ3 ஆர்என்ஏவையோ (புராஸ்டேட் புற்றுநோயில் மிகும் மரபணுக் குறி) எக்ஸோசோமையோ (செல்கள் வெளிவிடும் நுண்பைகள்) பார்ப்பது வேறு ரகம். பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க அது ஓரளவு கைகொடுக்கும். பிசிஏ3 என்றால் மருத்துவர் விரலால் சுரப்பியை அழுத்திய பிறகு வரும் முதல் சிறுநீரைத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும், 6.8ஐ 13, 14 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாறாக, சிறுநீர்த் தொற்று இருந்தால் அளவு வீணாக ஏறும். அது குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

எம்ஆர்ஐயில் பைராட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை காட்டும் மதிப்பெண்) 4 அல்லது 5 என்று வந்தால், சிறுநீர்ச் சோதனை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.