வெளிநாட்டு டைவிங், காமிரா பெட்டி, கஸ்டம்ஸ்: கேள்வி பதில்

கார்த்திக், சென்னை: அண்ணா, மாலத்தீவு போகிறேன். காமிரா, ஹவுசிங் (காமிராவுக்கான தண்ணீர் புகாத உறை), ரெண்டு ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடி ஃப்ளாஷ்), எல்லாமே இங்கே வாங்கியது. திரும்பி வரும்போது வரி கேட்பார்களா?

கேட்கலாம். நீங்கள் இங்கே வாங்கியது உங்களுக்குத் தெரியும், அரைவல் கவுண்டரில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அதனால் போகும்போதே எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (இந்தப் பொருள் இங்கிருந்து போனது என்று கஸ்டம்ஸ் எழுதித் தரும் சான்று) வாங்கிவிடுங்கள். பெட்டியை ஏர்லைன் கவுண்டரில் போடுவதற்கு முன்னால் கஸ்டம்ஸ் அதிகாரியைப் பார்க்க வேண்டும். பொருளையும் சீரியல் எண்ணையும் நேரில் பார்த்துத்தான் எழுதித் தருவார்கள். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

"காமிரா 1, உதிரிகள்" என்று எழுதிய தாள் பயன்படாது. காமிரா பாடியின் அடித்தட்டில் இருக்கும் எண், லென்ஸ் எண், ஹவுசிங் எண், ஸ்ட்ரோப் எண் எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். சில ஸ்ட்ரோப்களில் எண் பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கும்; வீட்டிலேயே தேடிப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து இரண்டு பிரதி அச்சடித்துக்கொள்ளுங்கள்.

மீனா, கோவை: சிங்கப்பூரில் புது ஹவுசிங் வாங்கி வரலாமா? ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே.

கிடைக்கும். அங்கே 2024 முதல் 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில், கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் கோரலாம். இங்கே இறங்கியதும் நம் கணக்கு தொடங்கும். வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய இலவச வரம்பு 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது; 2026 விதிகளில் 75,000 ரூபாய். இது மாறக்கூடியது, கிளம்பும் வாரம் சுங்கத் துறைத் தளத்தில் பாருங்கள். வரம்புக்கு மேற்பட்டதற்கு அடிப்படை வரி 35 சதவீதம், அந்த வரியின் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி. ஆக 38.5. வரம்பைத் தாண்டிய தொகை ஒரு லட்சம் என்றால் 38,500 ரூபாய். இதையும் சேர்த்துப் பார்த்தபின் சிங்கப்பூர் விலை மலிவா என்று முடிவு செய்யுங்கள். கணவர் வரம்பையும் உங்கள் வரம்பையும் ஒரே பொருளுக்குக் கூட்ட முடியாது. அட்டைப்பெட்டியை வீசிவிட்டுப் பழசு போலக் கொண்டுவரச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ரெட் சேனலில் (வரி கட்ட வேண்டிய பொருள் இருப்பவர்கள் போகும் வழி) போய்ச் சொல்லிக் கட்டுங்கள். எதுவும் இல்லை என்பவர்கள் போகும் கிரீன் சேனலில் மறைத்து மாட்டினால் பொருளே பறிமுதலாகலாம். மீட்க அபராதம் தனி.

ஜோசப், தூத்துக்குடி: அந்தமானுக்கு?

உள்நாடு. கஸ்டம்ஸ் கிடையாது.

சிவகுமார், பெங்களூரு: வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு வரி இல்லை என்று பயணப் பெட்டி விதிகளிலேயே இருக்கிறது. என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அதே விதிகளில் சொந்தப் பொருள் என்றால் என்ன என்ற விளக்கமும் இருக்கிறது சார்: அன்றாடத் தேவைகளுக்கான பொருள்கள். சட்டை, செருப்பு, ஷேவிங் செட் இதில் வரும். இரண்டு ஸ்ட்ரோப்பும், ஹவுசிங்கின் முன்னால் மாட்டும் டோம் போர்ட் என்ற குமிழ்க் கண்ணாடியும் வருமா? பதினெட்டு வயது நிறைந்தவருக்கு ஒரு லேப்டாப் என்று தனியாகச் சலுகை தந்திருக்கிறார்கள். காமிராவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சிவகுமார்: ஹவுசிங்கில் கீறல், உப்புக்கறை எல்லாம் இருக்கிறது. பார்த்தாலே பழசு என்று தெரியும்.

பழசு என்று தெரியும். இந்தியாவில் வாங்கிய பழசா, போன மாதம் வெளிநாட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழசா என்பது தெரியாதே! பெரும்பாலான அதிகாரிகள் விட்டுவிடுவார்கள், அது உண்மை. ஆனால் உங்களைக் கேட்கவில்லை என்பதை நம்பி, முதல்முறை போகும் பையனை நான்கு லட்ச ரூபாய்ப் பொருளோடு நள்ளிரவில் நின்று வாதாடச் சொல்ல என்னால் முடியாது.

பாத்திமா, காயல்பட்டினம்: சிவகுமார் சார், என் தம்பியை நிறுத்தினார்கள். செல்போனில் பழைய பில் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் விட்டார்கள்.

பில் உதவும் அக்கா. சர்டிபிகேட் இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் மிச்சம்.

ரமணன், திருகோணமலை: கொழும்பிலிருந்து போகும் எங்களுக்கும் இதே நடைமுறையா?

நான் சொல்வது இந்தியச் சுங்கத்துக்கு மட்டும். கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கப் பிரிவிடம் கேளுங்கள்.

அருண், திருச்சி: கார்னே எடுத்தால் நல்லதா?

பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய் வரி இல்லாமல் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்தான் கார்னே. படப்பிடிப்புக் குழு என்றால் யோசிக்கலாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு தருகிறது, செல்லுபடி ஓராண்டு, பிணைத்தொகை கட்ட வேண்டும். விடுமுறைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

நவீன், மதுரை: சர்டிபிகேட் செக்-இன் முடிந்தபின் வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். முன்னால்.

திவ்யா, சென்னை: பெட்டியை லக்கேஜில் போட்டுவிட்டு பில்லை மட்டும் காட்டினால்?

முடியாது. பொருள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

முரளி, புதுச்சேரி: டைவ் டார்ச் பேட்டரி எதில் போடுவது?

உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில், முனைகளில் டேப் ஒட்டி. பேட்டரியின் திறன் 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை; 100 முதல் 160 வரை ஏர்லைன் அனுமதியோடு இரண்டு. டார்ச்சுக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். பைக்குள் தானாக எரிந்தால் அந்தச் சூடே தீ பிடிக்கப் போதும்; அதனால் டைவ் டார்ச்சுக்கும் ஏர்லைனிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஹவுசிங்கை இறுக்கி மூடி அனுப்பாதீர்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் தனி உறையில் வையுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் மாறி மூடி இறுகிக்கொண்டால் சோதனைக்காரர் கையில் கிடைத்ததை வைத்து நெம்புவார்.