லெஸ்லி ரிடிலின் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் அப்பா அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பைத்தியம். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் அந்த கேசட்தான் ஓடும். அங்கிருந்து தொடங்கி அமெரிக்க கன்ட்ரி காஸ்பல் பாடல்களை, அதாவது அங்கத்திய கிராமிய பாணிக் கிறிஸ்தவப் பாடல்களைத், தேடித்தேடிக் கேட்டேன். பாடகர்களின் வாழ்க்கையைப் படித்ததும் எல்லாம் கசந்துவிட்டது. ‘ஐ சா த லைட்’ பாடிய ஹேங்க் வில்லியம்ஸ் குடியிலும் போதை மருந்திலும் 29 வயதில் செத்திருக்கிறார். சேர்ந்து பாடிய லூவின் சகோதரர்களில் மூத்தவர் அய்ரா குடித்துவிட்டு மாண்டலினைப் போட்டு உடைப்பவர், மனைவியை அடிப்பவர். கடவுளைப் பாட இவர்களுக்கு என்ன தகுதி? இனி இவற்றைக் கேட்கலாமா? ஜிம் ரீவ்ஸும் இப்படித்தானா?

டி., பாளையங்கோட்டை

அன்புள்ள டி.,

ஜிம் ரீவ்ஸை விட்டுவிடுங்கள். உங்கள் அப்பா நிம்மதியாகக் கேட்கட்டும். கேட்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்பதும் வேண்டாம்.

அய்ரா விஷயத்தில் உங்கள் கசப்பு புரிகிறது. மனைவியை அடித்தவருக்கு வக்காலத்து வாங்க நான் வரமாட்டேன். ஆனால் லூவின் சகோதரர்களின் ‘சேட்டன் இஸ் ரியல்’ (சாத்தான் நிஜம், 1959) இசைத்தட்டை முழுக்கக் கேட்டீர்களா, இல்லை வாழ்க்கைக் கதையை மட்டும் படித்தீர்களா? அலபாமாவில் சாண்ட் மவுண்டன் பக்கத்துப் பிள்ளைகள் அவர்கள். அங்கே சேக்ரட் ஹார்ப் என்ற கூட்டுத் துதிப்பாட்டு முறையில் பாடும் வழக்கம் உண்டு. சதுரமாக நான்கு பக்கமும் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பாடுவார்கள். கேட்பதற்கென்று தனியாக யாரும் வருவதில்லை. அதைக் கேட்டு வளர்ந்த காது அண்ணன் தம்பி இருவருக்கும். பாட்டின் நடுவிலேயே மேல்குரலும் கீழ்க்குரலும் கைமாறும், எந்த இடத்தில் மாறியது என்று நமக்குத் தெரியாது. அய்ரா நரகத்தை நிஜமாகவே நம்பினார், பயந்தார். அந்தப் பயம் அவர் குரலில் கேட்கும்.

சரி, தகுதி பார்க்கக் கிளம்பினீர்களே, குடியோடும் அடிதடியோடும் ஏன் நின்றுவிட்டீர்கள்? இந்த இசையில் தீர்க்கப்படாத கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

லெஸ்லி ரிடில் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரத்தில் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடல் பதிவு நடத்தினார். விர்ஜீனியா மலைப்பக்கத்திலிருந்து வந்த கார்ட்டர் குடும்பம் அங்கே பாடியது. தட்டுகள் விற்றன, புதுப்பாட்டு கேட்டார்கள். குடும்பத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் புறப்பட்டார். சொல்லை எழுதிக்கொள்வார், மெட்டு மனதில் நிற்காது. அதற்குத்தான் ரிடில். டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் இருந்த கறுப்பின இளைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போனது. வலது கையிலும் இரண்டு விரல்கள் கிடையாது. மிச்ச விரல்களால் கிட்டார் வாசிக்கத் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தவர்.

யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பெண் பாடுகிறாள். ஏ.பி. காகிதத்தில் எழுதுகிறார். பக்கத்தில் ரிடில் மெட்டை மனதில் ஏற்றிக்கொள்கிறார். திரும்பி வந்ததும் அதைக் கார்ட்டர் குடும்பத்தில் பாடிய சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுகிறார். தன் சபையில் கேட்ட துதிப்பாடல்களையும் சொல்லிக்கொடுத்தார். ‘வென் த வேர்ல்ட்ஸ் ஆன் ஃபயர்’ அவரிடமிருந்து வந்ததுதான். ‘கேனன்பால்’ பாட்டின் கிட்டார் வாசிப்பை மேபெல் கற்றதும் அவரிடம்தான். தட்டுகளில் பெயர் ஏ.பி. கார்ட்டர். உரிமைத்தொகை ஏ.பி.க்கும் பதிப்பாளருக்கும். ரிடிலுக்கு ஒன்றும் இல்லை.

கார்ட்டர் வீட்டார் அவரிடம் அன்பாக இருந்தார்கள் என்று சொல்வார்கள். இருந்திருக்கலாம். அன்பாக இருந்தவர்கள் அவர் பெயரையும் போட்டிருக்கலாமே!

1965இல் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் ரிடிலைத் தேடிப் போனதும் மேபெல் சொல்லித்தான். அப்போது ரிடில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் இருந்தார். கிட்டாரை எப்போதோ விற்றுவிட்டிருந்தார்.

அப்புறம், நீங்கள் சொன்ன ஹேங்க் வில்லியம்ஸ். 1953 ஜனவரியில் மாண்ட்கோமரியில் அவர் சவ அடக்க ஆராதனை நடந்தது. கன்ட்ரி பாடகர் ரெட் ஃபோலி ‘பீஸ் இன் த வேலி’ பாடினார். வந்திருந்த கறுப்பர்களை மேல்மாடத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். கீழே பாடப்பட்ட பாட்டை எழுதியவரோ சிகாகோவின் தாமஸ் டார்சி, அவரும் கறுப்பர். முன்னே ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் கொச்சையான ப்ளூஸ் பாடியவர். உங்கள் தராசில் டார்சியும் நிற்கமாட்டார். அந்தப் பாட்டு இல்லாமல் அன்றைக்கு என்ன பாடியிருப்பார்கள்?

மைக் சீகர் பதிவுசெய்தவை 1993இல் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற பெயரில் வெளிவந்திருக்கின்றன. ரிடிலே பாடி வாசிக்கிறார். வயதான குரல், அவசரமே இல்லாத கை. அப்பாவையும் கூட்டிவைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள், அய்ராவைப் பற்றி அப்போது சண்டை போடுவோம்.